பட்டியலில் இல்லாத வாரம்

டார்ட்டுவிலிருந்து வரும் பேருந்தில்
கடைசி நிறுத்தம்வரை வந்தது நான் மட்டும்தான்.
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்:
"வெங்காயத்துக்கா? அது ஆகஸ்டில்."
இல்லை என்றேன்.
"ஏரிப் பனிமேல் வண்டி சவாரிக்கா? அது போன மாதமே முடிந்தது."
அப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஊர் என்பது ஒரே தெரு.
பெய்ப்ஸி ஏரியை ஒட்டியே நடந்து நடந்து
எங்கே நிற்பதென்று தெரியாமல்
அடுத்த ஊராகிவிடுகிறது.
மரவீடுகள். நீலச் சன்னல் கதவுகள்.
எடுப்பாக மேடு கட்டிய பாத்திகளில்
இன்னும் ஒன்றுமில்லை.

தகவல் பலகையில் நான்கு கட்டங்கள்.
கோடை: சமோவார் தேநீர், படகு.
இலையுதிர்காலம்: வேலிதோறும் வெங்காயச் சரம்.
குளிர்காலம்: பனியில் துளையிட்டு மீன்.
வசந்தத்தின் கட்டத்தில்
ஒரு நாரையை மட்டும் வரைந்திருந்தார்கள்.
நாரையும் வந்து சேரவில்லை.

அருங்காட்சியகம் பூட்டியிருந்தது.
சாவி எவ்லாம்ப்பியாவிடம்.
எவ்லாம்ப்பியா விதை வெங்காயத்திடம்.
மண் கையோடு வந்து திறந்தாள்,
சீட்டுக் கிழிக்க மறந்துபோனாள்.
முந்நூறு வருஷத்துக்கு முன்னால், என்றாள்,
சிலுவைக் குறி போடுவது
இரண்டு விரலாலா மூன்று விரலாலா என்று ஒரு வழக்கு.
இரண்டு என்றவர்கள்
அக்கரையிலிருந்து இந்தப் பக்கம் வந்தார்கள்.
அந்த இரண்டையும் நீட்டிக் காட்டினாள்.
நகக்கண்ணில் கறுப்பு மண்.
ஒரு விரலுக்கு இவ்வளவு தண்ணீரா
என்று கேட்க வந்ததை
விழுங்கிக்கொண்டேன்.

இராத்திரி கிரியாக் வீட்டில் அறை.
நெத்திலிக்குத் தம்பி முறையாகும் ஒரு மீன்,
காய்ந்தது, தலையோடு.
படுத்துக் கொஞ்ச நேரத்தில்
கண்ணாடிக் கடை ஒன்றை
யாரோ தரையோடு தள்ளிக்கொண்டு வருவதுபோல் சத்தம்.
கதவைத் தட்டினார்:
"பூட்ஸ் போடு. ஏரி வருகிறது."

வந்தது.
கிழக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ள
உடைந்த பனியெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி
கரையேறி
படகுத்துறைப் பலகையை முறுக்கி
இடுப்பளவு, ஆளளவு,
கூரையளவு.
ஊரே சமையலறை நாற்காலிகளோடு வெளியே இருந்தது.
பிளாஸ்கில் சிக்கரி.
அண்டை வீட்டு ஐவார் டார்ச் அடித்துக்காட்ட
பந்தயம் நடந்துகொண்டிருந்தது:
எந்த மரம்வரை வரும்,
எந்தக் கம்பம்வரை.
பணத்துக்கு இல்லை. வெங்காயச் சரத்துக்கு.
என்னையும் கேட்டார்கள்.
ஆப்பிள் மரம் என்றேன், வாய்க்கு வந்தது.

தகவல் பலகையை அது விழுங்கியபோது
ஒருவரும் உச்சுக்கொட்டவில்லை.
ஒரு பையன் கைதட்டினான்.

குளியல் குடிலின் முதல் படியில் நின்றுவிட்டது.
அதற்குமேல் ஒரு விரல்கூட இல்லை.
எவ்லாம்ப்பியாவுக்கு மூன்று சரம் ஜெயம்.
சீட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில்
கணக்கு எழுதினாள்:
வெளியூர்க்காரர், ஒரு சரம், பாக்கி.
இங்கே ஒரு பாத்தியும் இல்லாதவன்
எப்படிக் கொடுப்பான் என்பது
அவள் கவலை இல்லை.

காலையில் அந்த மலை
வெயிலில் நீலமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.
பள்ளிக்கூடப் பையோடு அந்தப் பையன்
உள்ளே எதையோ பார்த்துக் கத்தினான்.
கிரியாக் கோடரியால் மெல்லக் கொத்தினார்.
ஒரு கையுறை. இடதுகை.
ஜனவரியில், துளை போட்ட இடத்தில்,
அவருடையதேதான்.

ஈரத்தோடு மாட்டிப் பார்த்தார்,
விரல்களை மடக்கினார், விரித்தார்.
"ஜோடியை," என்றார்,
"போன வாரம்தான் அடுப்பில் போட்டேன்."

பேருந்து ஹாரன் அடித்தது.